குறுக்கே புகுந்து வந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் அழகர்கோவில் ரோட்டுக்கு வந்தீங்கன்னா ரெண்டு வகை ஓட்டக்காரர்களைப் பார்க்கலாம். ஒரு வகை, மதுரையிலிருந்து காரில் வந்து, காரை ஓரமா நிறுத்திட்டு மலையைப் பார்த்தபடி ஓடுறவங்க. கையில் வாட்ச், காலில் நாலு மூட்டை நெல் விலைக்கு ஷூ. இன்னொரு வகை எங்க ஊர்ப் பையன்கள். போலீஸ் செலக்‌ஷனுக்கும் மிலிட்டரி செலக்‌ஷனுக்கும் ஓடுறவங்க. அதில் பாதிப் பேருக்கு வெறுங்கால்தான்.

முதல் வகையைச் சேர்ந்த ஒருத்தர் டீக்கடையில் சொன்னார். சிட்டியில் நடந்த ஏதோ ஒரு போட்டியில் ஒரு ஆள் பாதித் தூரம் ஓடாமலேயே சந்துக்குள்ள புகுந்து முன்னால வந்து மெடலை மாட்டிக்கிட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டாராம். "பரிசுப் பணம் கூடக் கிடையாது, ஒரு தகர மெடல், இதுக்கு எதுக்குய்யா திருட்டுத்தனம்?"னு தலையில அடிச்சுக்கிட்டார். இந்தக் கேள்வி எனக்குப் பிடிச்சுப் போச்சு. கதிர் அறுப்பு முடிஞ்சு கொஞ்சம் ஓய்வா இருந்த நேரம், இந்தத் திருட்டு எப்ப ஆரம்பிச்சதுன்னு தேடிப் படிச்சேன்.

மாரத்தான் பிறந்த அன்னைக்கே ஆரம்பிச்சிருக்கு. 1896 ஏப்ரல் 10, முதல் நவீன ஒலிம்பிக். மாரத்தான் என்ற ஊரிலிருந்து ஏதென்ஸ் வரைக்கும் 40 கிலோமீட்டர். ஜெயிச்சவர் ஸ்பிரிடோன் லூயிஸ், மரூசி என்ற ஊரில் தண்ணீர் சுமந்து விற்றவர். இரண்டாவதும் கிரேக்கர், மூன்றாவதும் கிரேக்கர். ஊரே கொண்டாடுது. நாலாவதா வந்த ஹங்கேரிக்காரர் கெல்னர் மட்டும், "மூணாவது வந்த பெலோகாஸ் என்னைத் தாண்டி ஓடவே இல்லையே, எப்படி எனக்கு முன்னால வந்தார்?"னு கேட்டார். விசாரிச்சா, மனுசன் நடுவுல குதிரை வண்டியில் ஏறி வந்திருக்கார். மூன்றாம் இடத்தைப் பறிச்சு கெல்னருக்குக் கொடுத்தாங்க. அடுத்தவன் ஊரில், அடுத்தவன் கூட்டத்துக்கு நடுவில் நின்னு கெல்னர் கேட்டாரே, அந்தத் தைரியத்தை நான் மெச்சுறேன்.

1904-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்தது இன்னும் பெரிய கூத்து. ஆகஸ்ட் மாத வெயில், புழுதி ரோடு, முன்னாலயும் பின்னாலயும் ஓடுற மோட்டார் கார்கள் கிளப்புற தூசி. வழியில் தண்ணீர் கிடைச்சதே ஒண்ணு ரெண்டு இடத்தில்தான். தண்ணி இல்லாம மனுச உடம்பு எவ்வளவு தாங்கும்னு பார்க்கிற எண்ணமும் போட்டியை நடத்தியவருக்கு இருந்ததாம். சித்திரை வெயிலில் மாட்டைக்கூட நாங்க அப்படி ஓட்ட மாட்டோம். 32 பேர் கிளம்பி 14 பேர்தான் ஓடி முடிச்சாங்க.

முதலில் மைதானத்துக்குள் வந்தவர் பிரெட் லார்ஸ், நியூயார்க்கில் கொத்தனார் வேலை பார்த்தவர். ஜனாதிபதி மகள் ஆலிஸ் ரூஸ்வெல்ட் பக்கத்தில் நின்னு போட்டோ எல்லாம் எடுத்தாச்சு. அப்புறம்தான் வெளியே வந்தது. ஒன்பது மைல் ஓடினதும் தசை பிடிச்சுக்கிட்டு, ஒரு காரில் ஏறி 11 மைல் போயிருக்கார். போற வழியில் ஓடிக்கிட்டிருந்த மற்ற ஆளுங்களுக்குக் கையை வேற ஆட்டியிருக்கார்! கார் மக்கர் பண்ணி நின்னுபோனதால் இறங்கி மிச்சத்தை ஓடி வந்திருக்கார். கேட்டதுக்கு "சும்மா விளையாட்டுக்குச் செஞ்சேன்"னார். ஆயுள் தடை போட்டு, பிறகு மன்னிச்சு விட்டாங்க. அடுத்த வருசம் 1905-இல் பாஸ்டன் மாரத்தானில் உண்மையாவே ஓடி அவரே ஜெயிச்சார். ஓட முடியாத ஆளு இல்ல பாத்துக்கோங்க.

லார்ஸை விலக்கிட்டு தங்கம் யாருக்குக் கொடுத்தாங்க? தாமஸ் ஹிக்ஸ். அவரோட ஆளுங்க வழி நெடுக அவருக்கு ஸ்ட்ரிக்னினை முட்டை வெள்ளைக் கருவில் கலந்து கொடுத்திருக்காங்க, பிராந்தியும் கொடுத்திருக்காங்க. எட்டிக்கொட்டை விஷம்தான் ஸ்ட்ரிக்னின். எட்டி மரம் தெரிஞ்ச கிராமத்தாளுக்கு இதைப் படிச்சாலே வயித்தைக் கலக்கும். கடைசியில் நினைவு தப்பி, ரெண்டு பக்கமும் ஆள் தாங்கிப் பிடிக்க, காலை மட்டும் அசைச்சபடி எல்லைக்கோட்டைத் தாண்டினார். இதுக்கு எதிரா அன்னைக்கு விதி எதுவும் கிடையாது. காரில் வந்தவன் திருடன், எட்டி விஷத்தில் வந்தவர் சாம்பியன். எது திருட்டுங்கறதே காலத்துக்குக் காலம் மாறிக்கிட்டு வந்திருக்கு.

எங்க பக்கத்து ஊர்களிலும் இந்தக் கதை உண்டு. நான் பள்ளிக்கூடம் படிச்ச காலத்தில் பொங்கலுக்கு நெடுந்தூர ஓட்டம் விடுவாங்க. மந்தையிலிருந்து கிளம்பி அழகர்கோவில் கோட்டை வாசலைத் தொட்டுத் திரும்பணும். பரிசு ஒரு எவர்சில்வர் குடம். ஒரு வருசம் முதலில் வந்த அண்ணன் மேல புகார் கிளம்புச்சு. பால்காரர் சைக்கிளில் பின்னால உக்காந்து வந்தார்னு ரெண்டாவது வந்தவர் சண்டைக்கு நின்னார். சாட்சி கிடையாது. பெருசுங்க கூடிப் பேசி, "பதினெட்டாம்படிக்கு வாங்கப்பா ரெண்டு பேரும், கருப்பு முன்னால சத்தியம் பண்ணட்டும்"னு முடிவு பண்ணாங்க. வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். அழகர்கோவில் ராஜகோபுரத்து வாசலில் இருக்கிறவர் பதினெட்டாம்படி கருப்பசாமி. சாத்திய கதவுக்குத்தான் சந்தனம் பூசிக் கும்பிடுவோம். கொடுக்கல் வாங்கல், வரப்புத் தகராறு, களவு, எதுவானாலும் இந்தப் பக்கத்துச் சனம் அங்க போய்ச் சத்தியம் வாங்கித்தான் தீர்க்கும். கோர்ட்டில் பொய் சொல்றவன்கூட அந்தக் கதவுக்கு முன்னால சொல்ல மாட்டான்.

மறுநாள் காலையில் குடம் மந்தைத் திண்ணையில் இருந்தது. யாரும் ஒண்ணும் கேட்கல. அதுக்கு அடுத்த வருசம் திருப்பத்தில் ஒரு ஆளை நிறுத்தி, வர்றவன் கையில் சுண்ணாம்பால் கோடு போட்டு விட்டாங்க. அதுக்கும் ரெண்டு பேரு டவுசர் பையில் சுண்ணாம்பு கொண்டு வந்தான்னா நம்புவீங்களா?

1980-இல் பாஸ்டனிலும் திருப்பத்தில் சுண்ணாம்பு வைக்க ஆளில்லாமல்தான் போச்சு. ஏப்ரல் 21. பெண்களில் முதலாவதா வந்தவர் ரோசி ருயிஸ், 26 வயசு, 2 மணி 31 நிமிடம் 56 விநாடி. அதுக்கு முன்னால அவர் பேரை யாரும் கேள்விப்பட்டதில்லை. 42 கிலோமீட்டர் ஓடின உடம்பு மாதிரி இல்லை, அவ்வளவாக வேர்க்கவும் இல்லை. பயிற்சி பற்றிக் கேட்டால் விழிக்கிறார். வழியில் இருந்த கண்காணிப்பு இடங்களில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. கடைசி ஒரு மைலுக்குள் கூட்டத்திலிருந்து அவர் ரோட்டுக்குள் நுழைஞ்சதைப் பார்த்ததா ரெண்டு கல்லூரி மாணவர்கள் சொன்னாங்க. பாஸ்டனில் ஓடத் தகுதி வாங்கிக் கொடுத்த நியூயார்க் மாரத்தானில் அவர் சுரங்க ரயிலில் வந்ததும் அப்புறம் தெரிஞ்சது. எட்டே நாளில் பட்டத்தைப் பறிச்சாங்க. அவர் 2019-இல் இறக்கிற வரைக்கும் ஒத்துக்கவே இல்லை.

எல்லாரும் ருயிஸ் கதையைத்தான் சொல்றாங்க. எனக்கு மனசில் நிக்கிறது ஜாக்குலின் கரோ. கனடாக்காரர். 2 மணி 34 நிமிடம் 28 விநாடியில் உண்மையா முதலில் வந்தவர். அவர் எல்லைக்கோட்டைத் தொட்டப்போ மாலை வேறொருத்தர் தலையில் இருந்தது. அடுத்த வாரம் கூப்பிட்டு மெடலைக் கொடுத்தாங்க, சரி. ஆனா அன்னைக்கு அந்த ரோட்டில் அந்தச் சனம் கைதட்டுற சத்தத்தை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது? ரெண்டு நாள் தண்ணி தள்ளி வந்தா பயிர் பச்சையாத்தான் இருக்கும், பால் பிடிக்கிற நேரம் போயிருக்கும்.

இதுக்கு அப்புறம்தான் வழியெல்லாம் வீடியோ வந்தது, பிறகு சிப் வந்தது. நெஞ்சில் குத்தற நம்பர் அட்டையிலோ ஷூவிலோ ஒரு சின்னச் சிப் இருக்கும். ரோட்டில் விரிச்ச பாயை மிதிச்சுப் போனா, இந்த நம்பர் இத்தனை மணிக்கு இங்க வந்ததுன்னு கம்ப்யூட்டருக்குப் போயிடும். சுண்ணாம்புக் கோடு மாதிரிதான். ஆனா சிப்புக்கு யார் காலில் இருக்கோம்னு தெரியாதே.

அதை முதலிலேயே கண்டுபிடிச்ச மாதிரி ஒரு சோடி தென்னாப்பிரிக்காவில். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் நடுவில் ஓடுற காம்ரேட்ஸ் ஓட்டம், கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர், 1921-லிருந்து நடக்குது. நம்ம சனம் 1860-லிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன நேட்டால் பூமி அது. 1893-இல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கி விட்டதும் அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில்தான். 1999-இல் அங்கே செர்ஜியோ மொட்சோனெங் ஒன்பதாவதா வந்து தங்க மெடல் வாங்கினார். இவர் எங்களைத் தாண்டவே இல்லையேன்னு புகார் வந்தது. பத்திரிகைப் படங்களை ஒப்பிட்டுப் பார்த்தா ஒரு படத்தில் வாட்ச் வலது கையில், இன்னொரு படத்தில் இடது கையில். அண்ணனும் தம்பியும் வழியில் இருந்த கழிப்பறைக்குள் சட்டையும் ஷூவும் மாத்தி மாத்தி ஓடியிருக்காங்க! குடும்பம் வறுமையில் இருந்தது, பரிசுப் பணம் தேவைப்பட்டது. தடையெல்லாம் முடிஞ்சு 2010-இல் திரும்பி வந்து மூணாவது வந்தார் செர்ஜியோ. இந்த தடவை ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினார். படிச்சப்போ கோபம் வரல, சங்கடமாத்தான் இருந்தது.

வறுமை இல்லாதவங்களும் செய்றாங்க. சீனாவின் ஷென்சென் நகரில் 2018 நவம்பரில் நடந்த அரை மாரத்தானில் 258 பேர் பிடிபட்டாங்க. அதில் 237 பேர் சாலை நடுவில் இருந்த புதருக்குள் புகுந்து குறுக்கே போனவங்க. காட்டிக் கொடுத்தது டிராபிக் கேமரா. மெக்சிகோ சிட்டியில் 2017-இல் சுமார் 6,000 பேர், 2023-இல் சுமார் 11,000 பேர் மேல இந்தப் புகார். மெட்ரோவில் போனவன், சைக்கிளில் போனவன் எல்லாம் உண்டு. அங்கே சில வருசம் மெடலை ஒவ்வொரு வருசமும் நாட்டின் பெயரில் ஒவ்வொரு எழுத்தா கொடுத்தாங்க. எல்லா எழுத்தையும் சேர்க்கணும்னு ஆசை. டீக்கடையில் கேட்டவருக்கு இதுதான் பதில்னு நினைக்கிறேன். ஓடினேன்னு தனக்குத் தெரியறதை விட, ஓடினேன்னு நாலு பேருக்குக் காட்டறது பெருசாப் போச்சு.

சிட்டியில் ஓடுறவங்க ஒரு விஷயம் கேளுங்க. நம்பர் அட்டையை நண்பனுக்குக் கொடுத்து ஓடச் சொல்றது உங்களுக்குச் சாதாரணமாத் தெரியலாம். அட்டைக்குப் பின்னால ரத்த வகையும், அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய போன் நம்பரும் எழுதற இடம் இருக்கும். ஓடுறவன் மயங்கி விழுந்தா ஆம்புலன்ஸ்காரர் உங்க வீட்டுக்குப் போன் போடுவார். விழுந்தவன் வீட்டுக்கு யார் சொல்றது?

இனி நம்ம நாட்டுக்கு வர்றேன். 2023 செப்டம்பரில் டெல்லி ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில் மாநில தடகளப் போட்டி. கழிப்பறையில் ஊசிகள் கிடக்கிற வீடியோ வெளியே வந்தது. கடைசி நாளன்னைக்கு ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகள் வந்து இறங்கினாங்க. பாதி ஆளைக் காணோம். ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஒரே ஒருத்தர் தனியா ஓடினார். தடைதாண்டும் நெடுந்தூர ஓட்டத்தில் ஒரு பொண்ணு எல்லைக்கோட்டைத் தாண்டியும் நிக்கல, அதிகாரிங்க கையில் சிக்காம ஓடிக்கிட்டே போயிடுச்சுன்னு செய்தி வந்தது. சிரிக்கலாம். ஆனா அந்தப் பொண்ணு கையில் ஊசியைக் கொடுத்த ஆள் யாரு, அவன் பேரு எந்தப் பேப்பரில் வந்துச்சு?

நம்ம திருச்சி முடிகண்டத்துக் கோமதி மாரிமுத்து கதையும் அதே கேள்வியைத்தான் கேக்குது. 2019 ஏப்ரலில் தோஹாவில் ஆசியப் போட்டி, 800 மீட்டர், தங்கம். ஊர் ஊரா பேனர் வச்சோம். அதுக்கு முந்தி பட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் நாண்ட்ரோலோன் இருந்ததுன்னு நாலு வருசத் தடை. தங்கம் சீனாவின் வாங் சுன்யுவுக்குப் போச்சு. தெரிஞ்சு எதையும் எடுக்கலன்னுதான் கோமதி சொன்னார். யார் என்ன கொடுத்தாங்கங்கறது அவருக்கே தெரியாம இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். தீர்ப்பு சொல்ல நான் ஆளில்லை. விதிப்படி உடம்புக்குள்ள இருந்தா உடம்புக்காரர்தான் பொறுப்பு.

இங்கே ஓடுற பையன்களுக்கு மெடல் கிடையாது. போலீஸ் தேர்வில் ஆண்களுக்கு 1,500 மீட்டர், 7 நிமிடத்துக்குள். ஒரு விநாடி கூடினா வீட்டுக்குப் போகணும். ஓட்டத்துக்கு முன்னால போட்டுக்கச் சொல்லி ஊசியும் மாத்திரையும் விக்கிறவன் கிராமம் வரைக்கும் வந்துட்டான்னு கேள்விப்படறேன். சிட்டிக்காரர் குறுக்கே புகுந்தா பின்னால வர்றவருக்கு ஒரு எண் தள்ளிப் போகும், அவ்வளவுதான். இங்கே ஒருத்தன் ஊசி போட்டு உள்ளே போனா, நேர்மையா ஓடின ஒருத்தன் மறுபடி சித்தாள் வேலைக்குத்தான் போகணும். அவனுக்கு அடுத்த வாரம் கூப்பிட்டு மெடல் கொடுக்க ஆளில்லை.

புதுக்கோட்டைக்காரர் லட்சுமணன் பத்தி எங்க பையன்கள் நிறைய பேசுவாங்க. 2017 புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் ரெண்டிலும் தங்கம் வாங்கினவர். 2018 ஆகஸ்ட் 26, ஜகார்த்தா ஆசிய விளையாட்டு, 10,000 மீட்டர். 25 சுற்று ஓடி, 29 நிமிடம் 44.91 விநாடியில் மூன்றாவதா வந்தார். மெடல் கிடைச்சாச்சுன்னு இங்கே எல்லாரும் குதிச்சோம். கொஞ்ச நேரத்தில் பேரை எடுத்துட்டாங்க. ஓட்டத்தின் நடுவில் அவர் கால் தடத்தின் உள்பக்கக் கோட்டைத் தாண்டி வெளியே பட்டிருக்கு. அவர் ஏமாத்தினார்னு யாரும் சொல்லல. நெரிசலில் ஒரு அடி பிசகினது. இருந்தாலும் விதி விதிதான்னுட்டாங்க. வெண்கலம் அவருக்குப் பின்னால வந்த சீனாவின் ஷாவ் சாங்ஹாங்குக்குப் போச்சு.