எண்ணின் தலையும் வாலும்

ஒரு பைட்டில் 255-க்கு மேற்பட்ட எண் கொள்ளாதாகையால், 258 என்பதை 1 என்றும் 2 என்றும் இரண்டு பைட்டுகளாகப் பிரித்தே கணினியின் நினைவகத்தில் வைக்க வேண்டும். அவற்றுள் 256-ஐக் குறிக்கும் அந்த 1 முன்னே நிற்பதா, மிச்சமான 2 முன்னே நிற்பதா என்பதில் யந்திரங்களைச் செய்தவர்களிடையே ஒருமித்த அபிப்பிராயம் ஏற்படவே இல்லை. ஒரு முறையில் எழுதியதை மற்றொரு முறையில் வாசித்தால் 258 என்பது 513 ஆகிவிடும்.

1964-ல் ஐ.பி.எம். ஸ்தாபனத்தார் வெளியிட்ட சிஸ்டம்/360, காகிதத்தில் நாம் எழுதுகிற வழக்கப்படியே பெரிய ஸ்தானத்தை முன்னே வைத்தது. அதற்கு நேர்மாறான சம்பிரதாயம் இன்று பெரும்பாலான மேஜைக் கணினிகளில் வேரூன்றியிருப்பதற்குத் தத்துவ விசாரம் எதுவும் காரணமன்று, சிக்கனமே காரணம். டெக்ஸாஸ் மாகாணத்துச் சான் அன்டோனியோ நகரில் 1970-ல் உருவான டாட்டாபாயிண்ட் 2200 என்னும் யந்திரம், செலவைக் குறைக்கும்பொருட்டு, பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வரும் நினைவகத்தை வைத்துக்கொண்டு கூட்டலையும் பிட் பிட்டாகவே செய்துவந்தமையால், ஒன்றாம் ஸ்தானத்தில் தொடங்கி மீதியை இடப்பக்கம் கொண்டுசெல்லும் பள்ளிப் பிள்ளையைப் போல, சிறிய ஸ்தானம் முதலில் கைக்கு வருவதையே விரும்பிற்று. அதன் செயலியை ஒரே சில்லில் அடக்கித் தரும்படி இன்டெலிடம் ஒப்படைத்தவர்கள் கடைசியில் அந்தச் சில்லை வேண்டாமென்று விட்டுவிட, இன்டெல் அதையே 1972-ல் 8008 என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. நகரும் நினைவகத்தின் நிர்ப்பந்தம் ஒழிந்த பின்னும், முகவரியின் சிறிய பைட்டை முன்னே வைக்கும் வழக்கம் மட்டும் 8080-க்கும், 1978-ல் 8086-க்கும் பிதுரார்ஜிதமாக இறங்கிற்று.

பி.டி.பி-11 யந்திரமோ 32 பிட் எண்களில் இரண்டுங்கெட்டானாக நின்றது. அதில் வளர்ந்த யூனிக்ஸ் என்னும் இயக்கமுறைமையை வேறு யந்திரத்துக்குக் குடியேற்றியபோது, 'யூனிக்ஸ்' என்று தோன்றவேண்டிய பெயரின் ஆங்கில எழுத்துக்கள் இரண்டிரண்டாக இடம் மாறி 'நுக்ஸி' என்று அச்சான கதை அத்தொழிலில் பிரசித்தம்.

1980 ஏப்ரல் முதல் தேதி (தேதியைத் தெரிந்தேதான் தேர்ந்திருப்பார் போலும்) டானி கோஹன் என்பவர், முட்டையை எந்த முனையில் உடைப்பது என்று லில்லிபுட்காரர்கள் சண்டையிட்ட ஸ்விஃப்டின் கற்பனையை இந்த விவகாரத்துக்குப் பொருத்தி ஒரு கட்டுரை எழுதி, இரு கட்சிகளுக்கும் 'பெருமுனையர்', 'சிறுமுனையர்' என்று பொருள்படும் பெயர்களைச் சூட்டினார். எந்த முறை என்பதைவிட ஏதாவதொரு முறையில் உடன்படுவதே முக்கியம் என்பது அவர் கட்சி. நாணயத்தைச் சுண்டிப் பார்த்தாலும் சரிதான் என்றார். நாணயம் சுண்டப்படவில்லை. 1981-ல் எழுதப்பட்ட இணைய நெறிமுறை பெரிய பைட்டையே முன்னே வைத்தது. செயலிச் சந்தையில் சிறுமுனையரே மேலோங்கினர். ஆகவே 1983-ல் வந்த 4.2 பி.எஸ்.டி. யூனிக்ஸில், எண்ணை வலைப்பின்னலின் வரிசைக்கு மாற்றவும் அங்கிருந்து மீட்கவும் தனிச் சார்புகள் சேர்க்கப்பட்டன. இன்டெல் வழிவந்த கணினிகள் பொதிகளின் தலைப்பில் முகவரி எழுதுகையில் அத்திருப்பலை இன்றளவும் செய்துகொண்டுதான் இருக்கின்றன.