மருத்துவக் கோப்பில் நண்பனின் பெயர்

மருத்துவரிடம் செல்லும்போது அவர் நம் வயதைக் கேட்கிறார். எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொள்கிறார். பெற்றோருக்கு வந்த நோய்களை விசாரிக்கிறார். நம் நெருங்கிய நண்பர் யார் என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் நாம் திகைத்துப்போவோம். நட்பு குணத்தை ஆக்கவும் கெடுக்கவும் வல்லது என்பதில் நமக்கு ஐயமில்லை. 'சிற்றினம் சேராமை' என்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்திருக்கிறார். உடலை மட்டும் அவரவர் தனியுடைமையாகவே நாம் கருதி வந்திருக்கிறோம். அக்கருத்து அசைந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

சமூக வலைப்பின்னல் என்றதும் இன்று கைப்பேசித் திரை நினைவுக்கு வருகிறது. சொல்லோ இணையத்துக்கு மூத்தது. நார்வேயின் மேற்குக் கரையில் மீனவரும் உழவரும் வாழ்ந்த பிரெம்னெஸ் என்னும் ஊரை ஆராய்ந்து, மானிடவியலாளர் ஜே. ஏ. பார்ன்ஸ் 1954இல் எழுதிய கட்டுரையிலேயே அது ஆய்வுக் கருவியாக உருப்பெற்றது. ஆட்களைப் புள்ளிகளாகவும் அவர்களிடையே உள்ள உறவுகளைக் கோடுகளாகவும் அவர் கண்டார்.

அக்கோடுகளுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பு கால் நூற்றாண்டு கழித்துப் புலப்பட்டது. கலிபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் 1965இல் விசாரிக்கப்பட்ட 6,928 பேரின் ஒன்பதாண்டுக் கால வாழ்வையும் சாவையும் லிசா பெர்க்மனும் லியோனார்ட் சைமும் ஆராய்ந்து, 1979இல் முடிவுகளை வெளியிட்டனர். இல்லறம், சுற்றம், நட்பு, சங்கம் ஆகிய பிணைப்புகள் மிகக் குறைந்தவர்கள், அவை மிகுந்தவர்களைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேற்பட்ட விகிதத்தில் இறந்திருந்தனர். புகை, மது, உடல்பருமன் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இவ்வேறுபாடு நீங்கவில்லை.

இனி, பாஸ்டனுக்கு மேற்கேயுள்ள ஃப்ராமிங்ஹாமுக்கு வருவோம். இதயநோயின் காரணங்களை அறிய 1948இல் இந்நகரத்தவர் 5,209 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. 1971இல் அவர்களுடைய மக்களும் அதில் சேர்க்கப்பட்டனர். அடுத்த பரிசோதனைக்குள் யாரேனும் வீடு மாறிவிட்டால் தேடிப்பிடிக்க வேண்டுமே என்று, உறவினர் பெயர்களோடு நெருங்கிய நண்பர் ஒருவரின் பெயரையும் எழுத்தர்கள் தாளில் குறித்துவைத்தனர். வெறும் அலுவலக முன்னெச்சரிக்கைதான். அந்த நண்பர்களுள் பலர் அதே ஆய்வில் இடம்பெற்றவர்கள் என்பதால், இருவருடைய உடல்நிலைக் குறிப்புகளும் ஒரே இடத்தில் இருந்தன. நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் என்னும் இருவர் அத்தாள்களிலிருந்து 12,067 பேரின் உறவு வலையை மீட்டெடுத்தனர்.

2007இல் வெளிவந்த முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. நண்பர் எனத் தாம் குறிப்பிட்டவர் ஒரு காலப்பகுதியில் உடல்பருமன் அடைந்தால், குறிப்பிட்டவரும் அவ்வாறாகும் வாய்ப்பு 57 விழுக்காடு கூடியிருந்தது. உடன்பிறந்தாரிடையே அது 40, கணவன் மனைவியரிடையே 37. அடுத்த வீட்டாரிடம் அத்தகைய விளைவு காணப்படவில்லை. தொலைவில் வாழ்ந்த நண்பரிடம் காணப்பட்டது. எது இயல்பான உடல், எது அளவான உணவு என்னும் எண்ணமே நட்பின் வழியே நகர்கிறது என்று அவர்கள் கருதினர்.

மறுப்பு எழத் தாமதமாகவில்லை. ஈதன் கோஹன்-கோல், ஜேசன் ஃப்ளெட்சர் ஆகியோர் 2008இல் இதையொத்த கணக்கீட்டை வளரிளம் பருவத்தினரிடம் செய்து பார்த்தனர். முகப்பரு, தலைவலி, உயரம் ஆகியனவும் நண்பரிடமிருந்து 'தொற்றுவன' போல் தோன்றின! உயரம் எவ்வாறு தொற்றும்? ஒத்தவர் ஒத்தவரை நாடுகிறார்கள். நண்பர்கள் ஒரே சூழலில் வாழ்கிறார்கள். இவற்றை நட்பின் செல்வாக்கிலிருந்து பிரித்தறிவது எளிதன்று. ஆகவே அந்த 57 என்னும் எண்ணை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளுதல் தகாது.

பிரித்தறிய ஒரு வழி, நாமே ஒரு செயலைத் தொடங்கிவைத்து அது எவ்வாறு பரவுகிறது என்று பார்ப்பது. ஹோண்டுராஸின் லெம்பிரா பகுதியில் 32 சிற்றூர்களில் 2012இல் அது நடந்தது. சத்து மாத்திரையையும் குடிநீரைத் தூய்மையாக்கும் குளோரினையும் முதலில் சிலரிடம் கொடுத்துப் பரவச்செய்தனர். சில ஊர்களில் அச்சிலரைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்தனர். வேறு சில ஊர்களில், குலுக்கலில் வந்தவர்கள் நண்பரெனச் சுட்டியவர்களிடம் கொடுத்தனர். பின்னைய ஊர்களில் மாத்திரை கூடுதலாகப் பரவியது. குளோரினில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. பழக்கம் நட்பின் வழியே பரவும். எல்லாப் பழக்கமும் ஒரே விதமாகப் பரவுவதில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் எதைக் கொள்வது? பருத்த நண்பனை விலக்குக என்பதே 2007இன் பாடமெனச் சிலர் எடுத்துக்கொள்ளக்கூடும். 1979இன் முடிவை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் பேதைமை விளங்கும். பிணைப்பை அறுத்துக்கொள்வதே உயிருக்கு ஊறு. நண்பனை நீக்கி உடலைக் காப்பது, கூரையைப் பிரித்து அடுப்பெரிப்பது போலாகும்.

அதே ஃப்ராமிங்ஹாம் வலையைக் கொண்டு 2008இல் வெளியான புகைப்பழக்க ஆய்வு மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. முப்பதாண்டுகளில் மக்கள் தனித்தனியே அன்றிக் கூட்டங்கூட்டமாகப் புகையைக் கைவிட்டிருந்தனர். 1971இல் புகைப்போர் வலையின் நடுவிலும் இருந்தனர். 2000ஆம் ஆண்டையொட்டிய வரைபடத்திலோ எஞ்சியோர் ஓரங்களுக்கு ஒதுங்கியிருந்தனர். திருந்தியவர்களின் எண்ணிக்கையை நாம் மகிழ்ந்து பேசுகிறோம். ஓரத்தில் நிற்பவருக்கு, உடன் வந்து கைவிட ஒரு நண்பன் இல்லை. மருத்துவர் அவரிடம் மன உறுதியைக் கேட்கிறார். அதற்குமுன் அவருடைய நண்பர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டிருக்கலாம்.