காதலர் சீட்டும் கட்டுவிச்சியும்



இப்போது நம் வீட்டுப் பிள்ளைகள் கைபேசியில் டாரட் சீட்டு பார்த்து, வந்த வரனுக்குச் சரி, வேண்டாம் என்று முடிவு செய்கிறார்களாம். கேள்விப்பட்டதும் அந்தச் சீட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். மொத்தம் 78 சீட்டுகள். 15ஆம் நூற்றாண்டில் வடஇத்தாலியில் விளையாடுவதற்காக உண்டானவை. குறி சொல்வதற்குப் பரவலாகப் பயன்பட்டது 18ஆம் நூற்றாண்டு பிரான்ஸில். எகிப்து ரகசியம் என்பதெல்லாம் அங்கே பிற்பாடு கட்டிய கதை.

அதில் 'காதலர்' என்று ஒரு சீட்டு. பழைய மார்செய் சீட்டுக்கட்டில் நடுவே ஓர் இளைஞன், இரு பக்கமும் இரண்டு பெண்கள், தலைக்கு மேலே அம்போடு அவர்கள் ஊர் மன்மதன். (மன்மதன் என்றதும் நம் அரியலூர் மாவட்டத்துக் காமரசவல்லி நினைவுக்கு வருகிறது. எரிந்துபோன கணவனை ரதி வேண்டிப் பெற்ற தலம் என்பது அவ்வூர்க் கதை.) இரண்டு பெண்களில் ஒருத்தி காதலி, மற்றவள் தாய் என்று சொல்வோர் உண்டு. 1909இல் லண்டனில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த கட்டில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மட்டும் நிற்க, மேலே ஒரு தேவதை. பெரியவர் யாரும் இல்லை! இன்று பலர் கையில் இருப்பது இந்தக் கட்டும் இதைப் பார்த்து வரைந்தவையும்தான்.

இதைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. நம் சங்கப் பாடல்களிலேயே குறி இருக்கிறது. மகள் மெலிந்து போனால் தாய் கட்டுவிச்சியை அழைப்பாள். அவள் முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி சொல்வாள். வேலன் வந்து கழங்கு போட்டுப் பார்த்து, முருகன் அணங்கினான் என்று வெறியாடுவான். மகளின் நோய் காதல் என்று தெரிந்தவள் தோழி ஒருத்திதான்.

குறுந்தொகையில் ஔவையார் பாட்டு ஒன்று, 23ஆவது. கட்டுவிச்சி மலைகளைப் பாடிக்கொண்டே குறி பார்க்கிறாள். தோழி குறுக்கிட்டு, அவருடைய மலையைப் பாடினாயே, அதை மட்டும் இன்னொரு முறை பாடு என்கிறாள். 'அவர்' யார் என்று தாய்க்குச் சந்தேகம் வர அந்த ஒரு சொல் போதும். சண்டை இல்லை, ஓடிப்போவது இல்லை. இதற்கு 'அறத்தொடு நிற்றல்' என்று பெயர் வைத்தார்கள். என்னைக் கேட்டால் அந்தக் குறியில் உண்மை சொன்னது நெல் இல்லை, தோழிதான். பெண்ணின் மனதை முதலில் கேட்டுவிட்டுப் பிறகு பெரியவரிடம் பேசியவள் அவள்.

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் பூ கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம்; சாமி முன் போட்டு, ஒரு சின்னக் குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். கிளி ஜோசியமும் உண்டு. கிளி ஒரு சீட்டை இழுத்துப் போட்டுவிட்டு நெல்மணியை வாங்கிக்கொண்டு கூண்டுக்குள் போய்விடும். (கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.) இந்த இரண்டிலும் கேட்பவர் பெரியவர், மணப்பெண் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கமாட்டாள். பழைய சீட்டில் இருவர் குரல் இருந்தது. புதிய சீட்டில் பெரியவர் குரல் இல்லை, நம் பூப் பொட்டலத்தில் பெண்ணின் குரல் இல்லை.

நான் வேலை பார்த்த காலத்தில் எட்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணுக்குப் பூ கேட்டு 'உத்தரவு' வந்துவிட்டது. பெண்ணுக்கு 18 வயது என்ற சட்டம் 1978இலேயே வந்தாயிற்று. ஊரில் அதை யார் பார்த்தார்கள்? அவள் வீட்டில் ஒன்றும் பேசவில்லை. பக்கத்தில் உட்காரும் சிநேகிதியிடம் மட்டும் படிக்கணும் என்று அழுதிருக்கிறாள். அந்தச் சிநேகிதி நேரே இவளுடைய அப்பாயியிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அப்பாயி மகனை உட்கார வைத்துப் பேசினார், நிச்சயம் நின்றது. ஜூன் மாதம் இரண்டு பேரும் ஒன்பதாம் வகுப்புக்கு ஒன்றாகப் பஸ் ஏறினார்கள்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் பூ கட்டிப் பார்த்தார்களா? பொட்டலத்தை எடுத்தது யார், அப்போது மணப்பெண் எங்கே இருந்தார்? அம்மா, அப்பாயி, அத்தைமார்களைக் கேட்டு எழுதுங்கள்.