வாடிக்கை யாருடையது? திருமலைக் கடைகளின் விளம்பரக் கதை

பின்னேரம் நாலரை ஆகும்போது எங்கட ஒழுங்கைக்குள்ள ஒரு ஓட்டோ வரும். ஆளைக் காண முதலே பாட்டுக் கேட்கும். பேத்தோவனின் 'ஃபர் எலீஸ்'. அது ஜெர்மன்காரர் ஒருவர் பியானோவுக்கு எழுதிய இசை என்று ஒழுங்கையில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் பாண் வந்திட்டுது என்று எல்லாருக்கும் தெரியும். இலங்கை முழுக்க இதே கதைதான்.

கடைக்காரர் கேட்கிற கேள்வி எப்பவும் ஒன்றுதான்: நான் இங்க இருக்கிறன் என்று வாங்க வேண்டிய ஆளுக்கு எப்படிச் சொல்லுறது? இன்றைக்கு அதற்கு பேஸ்புக் பக்கம், கூகுள் மேப், வாட்ஸ்அப் என்று பதில் வைத்திருக்கிறோம். நண்பர்கள் கனபேர் ஊர்க் கடைகளுக்குப் பக்கம் திறந்து கொடுக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் திருகோணமலையின் பழைய கதையைக் கொஞ்சம் புரட்டினால் ஒன்று விளங்கும். இந்த ஊர்ச் சின்னக் கடைகள் தங்கட வாடிக்கையாளரை யாரோ ஒருவருடைய வாசல் வழியாகத்தான் எட்டின. அந்த வாசல் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டுப்பட்ட நாட்கள் கனக்க.

முதல் வாசல் துறைமுகம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருமலையைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு நூற்றைம்பது வருசத்துக்கு மேல் இது கடற்படையின் ஊர். 1927இல் ரயில் வந்தது. மலைபோல எண்ணெய்த் தாங்கிகள் எழும்பின. இன்றும் 99 தாங்கிகள் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் வந்து குண்டு போடுகிற அளவுக்கு இது முக்கியமான இடம். கடற்படை ஊரில் வியாபாரம் எப்படி நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கப்பல் வந்தால் சலவைக்காரருக்கு வேலை, தையல்காரருக்கு வேலை, மரக்கறிக்கு விலை. விளம்பரப் பலகை தேவையில்லை. தளத்தின் வாசலில் யாரை உள்ளே விடுகிறார்கள் என்பதுதான் விசயம். 1957 ஒக்டோபரில் ஆங்கிலேயர் தளத்தை இலங்கையிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாட்டுக்கு அது வெற்றி. அந்த ஒரே வாடிக்கையை நம்பி இருந்தவருக்கு, வாசல் பூட்டிவிட்டது.

இரண்டாவது வாசல் ரோட்டு. 1983க்குப் பிறகு ரோட்டு இருந்தும் இல்லாத மாதிரித்தான். சோதனைச் சாவடி, ஊரடங்கு, கடலுக்குப் போகத் தடை. வெளியூர்ச் சனம் வாறது குறைந்தது. பத்திரிகை விளம்பரமும் வானொலி விளம்பரமும் பெரிய கம்பெனிகளுக்குரியவை. மூலைக்கடைக்காரருக்கு அந்தக் காசு எங்கே? அவரிடம் இருந்தது ஒரு கடன் கொப்பி. யார், எந்தத் தெரு, யாருடைய மகன், எவ்வளவு பாக்கி, எப்ப தருவார் எல்லாம் அதில் இருந்தது. இன்றைக்கு நாங்கள் 'கஸ்டமர் டேட்டா' என்று பெரிதாகச் சொல்லுகிறது அதைத்தான்.

போர் 2009 மே மாதம் முடிந்தது. அதே வருசம் ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். அதுவரை பாதையில் ஏறித்தான் கிண்ணியாவுக்கும் மூதூர்ப் பக்கத்துக்கும் போக வேண்டும். வரிசையில் நின்ற சனம் பாலத்தில் பறந்து போனது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வீட்டு முன்னறையை வாடகைக்கு விட்டவர்கள்கூட கெஸ்ட் ஹவுஸ் என்று பெயர்ப் பலகை போட்டார்கள். புறாத்தீவுக்குப் படகு, திமிங்கிலம் பார்க்கப் படகு.

மூன்றாவது வாசல் இந்த இடத்தில்தான் திறந்தது: இணையம். இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நாலு அறை வைத்திருக்கும் ஒருவர், இடையில் ஏஜென்ட் இல்லாமல், ஜெர்மனியில் இருக்கிற ஒருவருக்குத் தன் வீட்டைக் காட்ட முடிந்தது. இந்த ஊரின் சின்ன வியாபாரிக்கு இது முன்னர் கிடைக்காத ஒன்று.

ஆனால் இந்த வாசலுக்கும் விதிகள் உண்டு. முதலாவது மொழி. எங்கட ஊருக்கு திருகோணமலை, திருமலை, ட்ரிங்கோ என்று மூன்று பெயர். தேடுகிற வெளிநாட்டுக்காரர் ட்ரிங்கோ என்று அடிப்பார், ஊர்க்காரர் திருமலை என்பார். பக்கத்தில் ஒரு பெயர் மட்டும் இருந்தால் மற்றவருக்கு நீங்கள் இல்லை. அதோடு, பேனர் கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த தமிழைப் பேஸ்புக்கில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். பாமினி ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் வடிவம் போர்த்தியது. யூனிகோட்டில்தான் தமிழ் எழுத்துக்குச் சொந்த இலக்கம் உண்டு. எத்தனையோ கடைகள் இதனால் பேனரைப் படமாகப் போட்டுவிட்டுத் தேடலில் அகப்படாமலே இருந்தன.

இரண்டாவது காசு. புக்கிங் தளங்கள் நூற்றுக்குப் பதினைந்து அளவில் கமிஷன் எடுக்கும். வந்த விருந்தாளியின் மின்னஞ்சல்கூடச் சில நேரம் முழுசாகக் கையில் கிடைக்காது. அவர் தளத்தின் வாடிக்கை, உங்கட வாடிக்கை இல்லை.

மூன்றாவது, பூட்டு. 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்கள் தாக்கப்பட்டபோது, அரசாங்கம் சமூக ஊடகங்களை ஒரு வாரம் அளவில் தடுத்தது. அந்த ஒக்டோபரில் லோன்லி பிளானட் 2019க்கான முதல் நாடாக இலங்கையை அறிவித்தது. நிலாவெளியில் சந்தோசம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கட பக்கத்து மட்டக்களப்பிலும் தேவாலயத்தில் குண்டு. போன உயிர்களுக்கு முன்னால் வியாபாரத்தைப் பேசுவது சின்ன விசயம். ஆனாலும் வாழ வேண்டியவர்கள் இருந்தார்கள். கிழக்குக் கரைக்குச் சீசன் மே மாதம்தான் தொடங்கும். பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் ஒன்பது நாள் அளவில் மூடிக் கிடந்தன. புக்கிங்கை ரத்துச் செய்கிற விருந்தாளிக்கு 'இங்க பிரச்சினை இல்லை' என்று சொல்லக்கூட வழி இல்லை.

2018இல் 23 லட்சம் சுற்றுலாப் பயணிகள் நாட்டுக்கு வந்தார்கள். 2021இல் 2 லட்சத்துக்கும் குறைவு. 2022இல் 7 லட்சத்துச் சொச்சம். அந்த வருசம் ஏப்ரல் 3 அன்று திரும்பவும் தடை, மணிக்கணக்கில்தான். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது. 10 டொலருக்கு ஒரு போஸ்டைப் பூஸ்ட் பண்ணியவர், 2,000 ரூபாவுக்குப் பதில் 3,600 ரூபா கட்ட வேண்டும். ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்குத் தவிர எரிபொருள் விற்பதையே நிறுத்தினார்கள். 99 எண்ணெய்த் தாங்கி நிற்கிற ஊரில் படகுக்கு எண்ணெய் இல்லை. விளம்பரம் எவ்வளவு நல்லதாக இருந்து என்ன?

அப்ப யார் தாக்குப் பிடித்தார்கள்? 2020 ஊரடங்கில் நாங்களே பார்த்தோம். வாடிக்கையாளரின் ஃபோன் நம்பர் கையில் இருந்த மரக்கறிக் கடைக்காரர், மீன்காரர், வீட்டில் கேக் செய்கிற அக்கா. அவர்கள் கோல் எடுத்தார்கள், வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் லைக் இருந்தும் ஒரு நம்பர்கூட இல்லாத பக்கங்கள் சும்மா கிடந்தன. லைக் போட்டவரை நீங்கள் கூப்பிட முடியாது. அந்தப் போஸ்டை அவருக்குக் காட்டுவதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது வேறு யாரோ.

அதற்காகப் பேஸ்புக்கை விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. துறைமுகத்தை விட்டிருந்தால் இந்த ஊரே இல்லை. வாசலைப் பயன்படுத்துவோம்; அதை எங்கட வீடு என்று நினைக்க வேண்டாம். ஆகவே, ஊரில் ஒரு கடைக்குப் பக்கம் திறந்து கொடுக்கப் போகிற தம்பி, தங்கச்சிமாருக்கு ஒரு வேண்டுகோள். மூன்று பெயரிலும், யூனிகோட்டில் எழுதுங்கள். மேப்பில் கடையைச் சரியான இடத்தில் குத்துங்கள். பூஸ்டுக்குக் காசு போட முதல், வாற வாடிக்கையாளரிடம் கேட்டுப் பெயரையும் நம்பரையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஃபோனில் மட்டும் இல்லை, கொப்பியிலும்.

கடைக்கார ஐயா அனேகமாகச் சிரிப்பார். மேசை லாச்சியை இழுத்து, அட்டை கிழிந்த பழைய கொப்பி ஒன்றை எடுத்துக் காட்டுவார். அதிலிருந்து தொடங்குங்கள்.