நிலத்தடை அளவியின் பிழைக்குறிகள்

எர்த் குழியின் தடையை அளக்கும்போது எர்த் டெஸ்டர் காட்டும் எச்சரிக்கை பெரும்பாலும் குழியைப் பற்றியதன்று. அளக்கும் சுற்றைப் பற்றியது. மின்னழுத்த வீழ்ச்சி முறையில், சோதிக்கும் நில மின்வாய்க்கும் தொலைவில் அடித்த மின்னோட்ட ஸ்பைக்கிற்கும் இடையே மண் வழியாகக் கருவி மாறுமின்னோட்டம் செலுத்துகிறது. நடுவிலுள்ள அழுத்த ஸ்பைக்கில் கிடைக்கும் வோல்ட்டை அந்த மின்னோட்டத்தால் வகுத்து ஓம் கணக்கைத் தருகிறது. காய்ந்த மணலிலோ பாறைத் தரையிலோ ஸ்பைக்கின் தடை மிகுந்துவிட்டால் போதிய மின்னோட்டம் ஓடாது, எச்சரிக்கை எழும். வயர் அறுந்தாலும் கிளிப் துருவேறினாலும் அதே குறிதான். ஆகவே முதலில் இணைப்புகளைப் பார்த்துவிட்டு, பிறகு ஸ்பைக்கை ஆழமாக அடிக்கலாம், சுற்றிலும் தண்ணீர் ஊற்றலாம், இரண்டு மூன்று ஸ்பைக்குகளைப் பக்க இணைப்பில் சேர்க்கலாம். தண்ணீர் ஊற்றுவது அளவைத் திரிப்பதாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆகாது. மின்னோட்ட ஸ்பைக்கின் தடை வோல்ட் அளக்கும் பாதைக்கு வெளியே இருக்கிறது. அழுத்த ஸ்பைக்கிலோ மின்னோட்டம் ஏறத்தாழ ஓடுவதே இல்லை. அளவெடுக்கப் போகும் நேரத்தில் சோதிக்கும் குழியை நனைப்பதுதான் திரிப்பு.

மண்ணில் திரியும் மின்னழுத்தம் மிகுந்தது என்ற குறி இதைவிடக் கவனத்துக்குரியது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதன் மடங்குகளும் குறுக்கிடாதிருக்க 128 ஹெர்ட்ஸ் போன்ற அதிர்வெண்களில் கருவிகள் இயங்குகின்றன. இருந்தும் குறுக்கீடு வரம்பைத் தாண்டினால் அளவு நின்றுவிடும். வயர்களை மின்கம்பிப் பாதைக்குச் செங்குத்தாக விரித்தாலோ அதிர்வெண்ணை மாற்றினாலோ குறி மறையக்கூடும். மறைந்தால் போதும் என்று விடுவது தவறு. எங்கோ காப்பு பழுதாகி எர்த்தில் கசிவு ஓடுவதால் எழுந்ததாகவும் அந்த அழுத்தம் இருக்கலாம். அந்நிலையில் எர்த் கம்பியைக் கழற்றினால் கழற்றுபவர் உயிருக்கே ஆபத்து. மின் இணைப்பைத் துண்டித்து, கசிவு எங்கே என்று கண்டறிந்த பிறகே அளவைத் தொடர வேண்டும்.

நவீன கருவி எல்லாவற்றையும் தானே சோதிக்கிறது, குறி எதுவும் இல்லையென்றால் அளவு சரிதானே என்பது வலுவான வாதமாகத் தோன்றும். ஆனால் மின்வாய்கள் ஒன்றின் புலத்துக்குள் மற்றொன்று விழுவதைக் கருவி அறியாது. அழுத்த ஸ்பைக் குழிக்கு நெருக்கமாக இருந்தால் குறைவான ஓம், மின்னோட்ட ஸ்பைக்கிற்கு நெருக்கமாக இருந்தால் கூடுதலான ஓம் எந்த எச்சரிக்கையும் இன்றி வரும். புதைந்த உலோகக் குழாயும் கணக்கைக் கெடுக்கும். ஒரே சீரான மண்ணில் மின்னோட்ட ஸ்பைக்கின் தூரத்தில் 62 விழுக்காட்டில் அழுத்த ஸ்பைக்கை நிறுத்தும் விதி உதவும். 30 மீட்டருக்கு அது 18.6 மீட்டர். அடுக்கடுக்கான மண்ணுக்கு விதி மட்டும் போதாது. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 3043, மூன்று அடுத்தடுத்த அளவுகள் ஒத்துப்போக வேண்டும் என்கிறது. ஒத்துப்போகாவிட்டால் மின்வாய்க்கும் மின்னோட்ட ஸ்பைக்கிற்கும் உள்ள தூரத்தை 50 மீட்டர் வரை கூட்டி மீண்டும் அளக்கச் சொல்கிறது. ஒரே ஒரு எண்ணை மட்டும் பதிவேட்டில் எழுதி முடிக்கும் வழக்கம் இந்தச் சோதனையைத் தவிர்த்துவிடுகிறது.