குடலிறக்க ஆபரேஷனும் மரத்துப்போற ஊசியும்: ஒரு குட்டி வரலாறு

குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் தேதி குடுத்ததும் நிறைய பேர் கேட்கிற கேள்வி, "முழு மயக்கமா டாக்டர், முதுகுல ஊசியா?" மூணாவதா ஒண்ணும் இருக்கு. அறுக்கிற இடத்தை மட்டும் மரத்துப்போக வைக்கிறது. அது வந்த கதைதான் இந்த திரெட்.

1890-களின் தொடக்கம், அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ஹார்வி குஷிங் அப்போ ஹார்வர்டு மருத்துவ மாணவர். ஆபரேஷனை வேடிக்கை பார்த்துட்டு இருந்தவரைக் கூப்பிட்டு, ஒரு நோயாளிக்கு ஈதர் மயக்கம் குடுக்கச் சொல்றாங்க. முன் அனுபவம் எதுவும் கிடையாது. பக்கத்துல இருந்த ஆர்டர்லி சொல்லச் சொல்ல குடுக்கிறார்.

அந்த நோயாளிக்குக் குடலிறக்கம் இறுகிப்போய் ராத்திரி முழுக்க வாந்தி. ஆபரேஷன் ஆரம்பிச்சதும் வயித்துல இருந்த தண்ணியெல்லாம் வாய் வழியா வந்து நுரையீரலுக்குள்ள போயிடுச்சு. ஆள் இறந்துட்டார். இதெல்லாம் அடிக்கடி நடக்கிறதுதான்னு மூத்தவங்க சொல்லிட்டாங்க. குஷிங்குக்கு மனசு ஆறல. படிப்பையே விட்டுடலாமான்னு யோசிச்சிருக்கார்.

(ஆபரேஷனுக்கு முன்னாடி தண்ணி கூட குடிக்காதீங்கன்னு நாங்க திட்டுறது இதுக்குத்தான். ஒரு வாய் காபிதானேன்னு குடிச்சிட்டு வராதீங்க ப்ளீஸ்.)

படிப்பை விடல. நண்பர் எர்னஸ்ட் காட்மனோட சேர்ந்து, மயக்கத்துல இருக்கிறவரோட நாடித்துடிப்பு, மூச்சு எல்லாத்தையும் சார்ட் போட்டு எழுத ஆரம்பிச்சார். இன்னைக்கும் எல்லா தியேட்டர்லயும் அப்படி ஒரு சார்ட் இருக்கு.

இன்னொரு பக்கம், 1884-ல் வியன்னாவைச் சேர்ந்த கார்ல் கொல்லர் கோகெய்ன் சொட்டு விட்டா கண்ணு மரத்துப்போகும்னு காட்டினார். உடனே நியூயார்க்ல வில்லியம் ஹால்ஸ்டெட் அதை நரம்புக்குப் பக்கத்துல ஊசியா போட்டுப் பார்த்தார். தனக்கும், கூட இருந்த டாக்டர்களுக்கும் போட்டுத்தான் சோதனை. கோகெய்ன் எப்பேர்ப்பட்ட போதைன்னு அப்போ யாருக்கும் சரியா தெரியாது. ஹால்ஸ்டெட் அதுக்கு அடிமையாகி, அப்புறம் மார்ஃபினுக்கும் அடிமையானார்.

அதே ஹால்ஸ்டெட்தான் பின்னாடி பால்டிமோர்ல, ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல, குடலிறக்க ஆபரேஷனுக்குப் பேர் போனவர். அவர்கிட்ட பயிற்சிக்கு வந்தவர் குஷிங்! 1900-ல் குஷிங் ஒரு கட்டுரை போட்டார். வயசானவங்க, இதயம் பலவீனமானவங்க, குடல் இறுகிப்போனவங்களுக்கு ஈதர் வேண்டாம்; கோகெய்ன் ஊசியிலேயே குடலிறக்கத்தைச் சரி பண்ணலாம்னு. கூடவே, தொடை இடுக்குல எந்த நரம்பு எந்த வழியா போகுதுன்னு விளக்கமா எழுதினார். என்னைக் கேட்டா அந்த நரம்புப் பகுதிதான் கட்டுரையோட உயிர். எங்கே மருந்து போடணும்னு தெரியாம மருந்தை மட்டும் வச்சிட்டு என்ன பண்றது?

முதுகு ஊசி 1898-ல் ஜெர்மனியில அகஸ்ட் பியர் ஆரம்பிச்சது. அவரும் அவரோட அசிஸ்டென்ட்டும் தங்களையே சோதிச்சுக்கிட்டாங்க. மரத்துப்போன அசிஸ்டென்ட் கால்ல சுத்தியலால அடிச்சுக் கூட பார்த்தாங்க, வலிக்கல. ஆனா பியருக்குப் பல நாள் தலைவலி. முதுகுத்தண்டு நீர் கசியறதால வர்ற தலைவலி அது. இப்போ ஊசி ரொம்ப மெலிசு, அதனால அது குறைஞ்சிடுச்சு.

கோகெய்ன் போய் 1900-களின் தொடக்கத்துல நோவோகெய்ன் வந்துச்சு, 1940-கள்ல லிக்னோகெய்ன், 1957-ல் பூபிவகெய்ன். இந்தக் கடைசி மருந்து பல மணி நேரம் நிக்கும். முதுகு ஊசி ரெண்டு மூணு மணி நேரத்துல இறங்கிடும், வலி தெரிய ஆரம்பிக்கிறது அப்புறம்தான். குஷிங் சொன்ன நரம்புகள் பக்கத்துல பூபிவகெய்ன் போட்டு வச்சா அந்த முதல் ராத்திரி ஓரளவு நிம்மதியா போகும். செலவும் கம்மி. எந்த மயக்கம் குடுத்திருந்தாலும் இதையும் சேர்த்துக்கலாம்.

அதே நரம்புகள் தையல்லயோ வலையிலயோ மாட்டிக்கிட்டா வலி மாசக்கணக்குல நீடிக்கும். ஆபரேஷன் முடிஞ்சு மூணு மாசம் தாண்டியும் இடுப்புக்குக் கீழே எரிச்சலோ, சுருக் சுருக்னு குத்தலோ இருந்தா, வலி மாத்திரை வாங்கிப் போட்டுட்டு இருக்காம சர்ஜனைப் போய்ப் பாருங்க.