நோட்டீஸ் போர்டில் ஏறாத மார்க்

ஒரு சின்னக் கற்பனை. உங்கள் ஆபீசில் தினமும் சாயந்திரம் ஒரு பட்டியல் ஒட்டுகிறார்கள். இன்றைக்கு யார் நன்றாக வேலை செய்தார்கள், யார் ஓபி அடித்தார்கள்... முதல் ராங்க்கிலிருந்து கடைசி ராங்க் வரை, பெயரோடு! எத்தனை நாள் தாங்குவீர்கள்?

அமெரிக்காவில் ஒரு கல்லூரி கால்பந்து டீமின் பெண்கள் தாங்கினார்கள். தாங்கியதோடு நிற்கவில்லை, 22 முறை தேசிய சாம்பியனும் ஆனார்கள். அந்தப் பட்டியலை ஒட்டிய கோச்சின் பெயர் ஆன்சன் டோரன்ஸ்.

மனிதர் பிறந்தது எங்கே தெரியுமா? நம்ம பம்பாயில்! வருஷம் 1951. அப்பாவுக்கு எண்ணெய் கம்பெனி உத்தியோகம். டிரான்ஸ்ஃபர் ஆன ஊரெல்லாம் பையனும் கூடவே போனான். கென்யா, எத்தியோப்பியா, சிங்கப்பூர் என்று சுற்றியதில் அந்த அமெரிக்கப் பையனோடு ஒட்டிக்கொண்டது, அன்றைய அமெரிக்கா அதிகம் சட்டை செய்யாத கால்பந்து.

நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து ஆங்கிலமும் தத்துவமும் படித்தார், டீமிலும் ஆடினார். வக்கீலாக வேண்டும் என்பது திட்டம். சட்டக் கல்லூரியிலும் சேர்ந்துவிட்டார். ஆனால் 1977-ல் பழைய கோச் ஓய்வு பெற, ஆண்கள் டீமைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. சட்டப்படிப்பு அம்போ!

இந்த இடத்தில் ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1972-ல் அமெரிக்காவில் வந்த 'டைட்டில் நைன்'. மத்திய அரசின் பணம் வாங்குகிற எந்தக் கல்வி நிறுவனமும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக் கூடாது. விளையாட்டும் இதில் அடக்கம். நார்த் கரோலினாவில் தாங்களாகவே கிளப் வைத்து ஆடிக்கொண்டிருந்த பெண்கள், எங்களையும் அதிகாரபூர்வ டீமாக்குங்கள் என்று கேட்டார்கள். 'போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்' என்று டோரன்ஸை அனுப்பியது நிர்வாகம். பார்த்தார், தேறும் என்றார். சரி, அப்படியானால் நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டார்கள். 1979-ல் இப்படித்தான் ஆரம்பித்தது. 1988 வரை ஆண்கள், பெண்கள் இரண்டு டீமுக்கும் அவரே கோச்.

சரி, அந்தப் பட்டியலுக்கு வருவோம்.

ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் என்று ஒரு மாணவி 1983-ல் வந்து சேர்ந்தார். பயிற்சியில்கூட விட்டுக்கொடுக்கத் தெரியாத பெண். தோழியாக இருந்தாலும் பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார். மற்ற பெண்களுக்கு எரிச்சல், கோச்சிடம் புகார். வேறு ஆளாக இருந்தால் ஏப்ரலைக் கூப்பிட்டு, 'கொஞ்சம் அனுசரித்துப் போம்மா' என்றிருப்பார். டோரன்ஸ் தலைகீழாக யோசித்தார். தப்பு ஏப்ரலிடம் இல்லை. மற்ற பெண்களும் ஏப்ரல் மாதிரி ஆக வேண்டும்!

தோழியை ஜெயித்தால் நட்பு போய்விடும் என்று நினைத்தே பெண்கள் வளர்க்கப்படுகிறார்கள், அதை உடைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. வழி பக்கத்திலேயே இருந்தது. அதே பல்கலைக்கழகத்தில் பாஸ்கெட்பால் கோச் டீன் ஸ்மித், மைக்கேல் ஜோர்டானுக்கே கோச்சாக இருந்தவர், பயிற்சியில் நடக்கிற ஒவ்வொன்றையும் எழுதி வைப்பார். டோரன்ஸ் அதைக் கால்பந்துக்குக் கொண்டுவந்தார். ஓட்டம், ஷாட், ஒற்றைக்கு ஒற்றை மோதல் என்று எல்லாவற்றுக்கும் மார்க். எல்லாம் நோட்டீஸ் போர்டில். மறைக்க ஒன்றுமில்லை என்பதால் பொறாமைப் பேச்சுக்கும் இடமில்லை.

விளைவு? 1986 முதல் 1994 வரை தொடர்ந்து ஒன்பது தேசியப் பட்டம். நடுவே 1986-ல் அமெரிக்கப் பெண்கள் தேசிய அணியும் இவர் கைக்கு வந்தது. 15 வயது மியா ஹாமை அந்த அணியில் ஆட வைத்தார். 1991-ல் சீனாவின் குவாங்சோவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கோப்பை ஃபைனலில் நார்வேயை 2-1 என்று வீழ்த்தியது அமெரிக்கா. கேப்டன் யார் என்கிறீர்கள்? புகாருக்கு ஆளான அதே ஏப்ரல்!

கதையை இங்கேயே முடித்துவிட்டால் சுபம். ஆனால், பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. வரவு என்று ஒரு பக்கம் எழுதினால், எதிர்ப் பக்கமும் எழுதினால்தான் கை ஓயும்.

1998-ல் இரண்டு முன்னாள் ஆட்டக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். மாணவிகளின் அந்தரங்க வாழ்க்கை பற்றிக் கோச் அவர்களிடமே தகாத முறையில் பேசினார், கேட்டார் என்பது குற்றச்சாட்டு. வேடிக்கை பேச்சில் கலந்துகொண்டது தவறு என்று டோரன்ஸ் மன்னிப்புக் கேட்டார். துன்புறுத்தல் என்பதை மறுத்தார். ஒரு வழக்கு 2004-ல் சமரசமானது. இன்னொன்றை ஜூரி விசாரிக்கலாம் என்று 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2008-ல் அதுவும் சமரசம். பல்கலைக்கழகம் கொடுத்தது 3,85,000 டாலர். கூடவே தன் விதிமுறைகளை வெளியாளை வைத்து மறுஆய்வு செய்யவும் ஒப்புக்கொண்டது.

அந்த வழக்கு எந்தச் சட்டத்தின் கீழ் போடப்பட்டது தெரியுமா? அதே டைட்டில் நைன்! எந்தச் சட்டம் அந்தப் பெண்களுக்கு டீமையும் அவருக்கு நாற்காலியையும் கொடுத்ததோ, அதே சட்டம்தான் அவரை நோக்கிக் கேள்வியும் கேட்டது.

டோரன்ஸ் பதவியில் தொடர்ந்தார், பட்டங்களும் தொடர்ந்தன. 2024 ஆகஸ்டில், 73 வயதில் ஓய்வு பெற்றார். அந்த டிசம்பரிலேயே அவர் இல்லாத டீம் மறுபடி தேசிய சாம்பியன் ஆனது. அவர் கட்டிய வீடு அவரை நம்பி மட்டும் நிற்கவில்லை என்பது எந்தக் கோச்சுக்கும் பெருமைதான்.

ஆனாலும் அந்த நோட்டீஸ் போர்டு மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. டீமில் யாரைச் சேர்ப்பது, யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறவர் கோச். அவர் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டால், 'அது உங்களுக்கு எதற்கு சார்?' என்று 18 வயதுப் பெண்ணால் எப்படிச் சொல்ல முடியும்? பெண்களின் ஓட்டத்துக்கும் ஷாட்டுக்கும் மார்க் போட்ட போர்டில், கோச்சின் பேச்சுக்கு ஒரு கட்டம் இல்லை.

நாளைக்கு உங்கள் பிள்ளையை ஒரு கோச்சிடம் சேர்க்கப் போகிறீர்களா? எத்தனை கோப்பை வாங்கியிருக்கிறார் என்று தாராளமாகக் கேளுங்கள். அவருக்கு மார்க் போடுவது யார் என்றும் கேளுங்கள்.